சரக்கு நம்முடையது, கப்பல் யாருடையது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கப்பல் கட்டும் துறைக்கு 69,725 கோடி ரூபாய் திட்டத்தை 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்றது, ரொம்ப நல்லது. ஆனால் கட்டுகிற கப்பலுக்குச் சரக்கு யார் தருவார்கள் என்பதையும் பேச வேண்டும். 1980களின் கடைசியில் நம் வெளிநாட்டு வணிகத்தில் சுமார் 40 சதவீதத்தை இந்தியக் கப்பல்களே சுமந்தன, இப்போது பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

திருப்பூர் பனியன் பெட்டியைப் பாருங்கள். பெரும்பாலும் எஃப்.ஓ.பி. கணக்கில், அதாவது கப்பலில் ஏற்றும் வரைதான் நம் செலவு, அதன் பிறகு கப்பல் கட்டணம் வாங்குபவருடையது என்ற கணக்கில் விற்பதால் எந்தக் கப்பல் என்பதை வெளிநாட்டில் வாங்குபவர்தான் முடிவு செய்கிறார், பெட்டி தூத்துக்குடியில் சின்னக் கப்பலில் ஏறிக் கொழும்பு போய், அங்கே அந்நியக் கம்பெனியின் பெரிய கப்பலுக்கு மாறுகிறது. 2021ல் கன்டெய்னர் கட்டணம் பல மடங்கு ஏறியபோது போய்க் கேட்க நமக்கென்று உலக அளவில் ஒரு பெரிய கன்டெய்னர் கம்பெனி இல்லை.

இதே தூத்துக்குடி - கொழும்பு வழிக்காக வ.உ.சி. 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்தே அதை நசுக்கப் பார்த்தது. நம் கப்பல்களை இன்றும் தனியாக விட்டால் அதேதான் நடக்கும். எண்ணெய், நிலக்கரி, உரம் இறக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் இந்தியக் கொடிக் கப்பல்களுக்குப் பத்து வருட ஒப்பந்தமாவது தரட்டும், அதைக் காட்டினால் வங்கியும் தைரியமாகக் கடன் கொடுக்கும்.

- வாசகர், தூத்துக்குடி