தலையில் எண்ணெய் வைக்காமல் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வந்த 'நமக்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது' கட்டுரையைப் படித்தேன். நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் 26 வருடம் ஈ.ஈ.ஜி. எடுத்தவன் நான்; அதாவது, தலையில் எலக்ட்ரோடு என்னும் சிறு உலோக வில்லைகளை ஒட்டி மூளையின் மின் அலையைப் பதிவு செய்யும் சோதனை. அதனால் கொஞ்சம் குறுக்கே பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் மாவட்டத்தில் இந்த வேலைக்கு முதல் எதிரி தேங்காய் எண்ணெய். தலைக்குக் குளித்து எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தாலும், குளச்சலானாலும் குலசேகரமானாலும் தலை மினுங்கத்தான் வந்து உட்காருவார்கள். எண்ணெய்த் தலையில் எலக்ட்ரோடு ஒழுங்காகப் பிடிக்காது. துடைத்து, பேஸ்ட் வைத்து, 21 இடத்தில் ஒட்டி முடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். அப்போது வயதானவர்கள் தவறாமல் கேட்பார்கள்: "மக்களே, எனக்க மனசுல உள்ளதெல்லாம் இதுல தெரியுமா?" மனசு தெரியாது பாட்டி, கண்ணைச் சிமிட்டினால் நல்லாத் தெரியும் என்பேன். விளையாட்டுக்குச் சொன்னதில்லை. மண்டையோட்டைத் தாண்டி வெளியே வரும் மூளை மின்சாரம் ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். இமை அசைவும் பல்லைக் கடிப்பதும் அதைவிடப் பெரிதாகப் பதியும்.

கட்டுரையில் வரும் அமெரிக்க மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டின் 1983 சோதனையும் இப்படி மண்டைமேல் ஒட்டி எடுத்த பதிவுதான். தோன்றும்போது கையை அசையுங்கள், அந்த எண்ணம் எப்போது வந்தது என்பதைக் கடிகார முள் மாதிரிச் சுற்றும் புள்ளியைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். கை அசைவதற்கு அரை நொடிக்கும் சற்று முன்னதாகவே மூளை அலை ஏறத் தொடங்கிவிட்டது. எண்ணம் வந்ததாக அவர்கள் சொன்னதோ அசைவுக்கு 0.2 நொடிக்கு முன்புதான். சரி, இதுவரை கட்டுரை சரி. ஆனால் அந்த ஏற்றம் ஒரே ஒரு பதிவில் கண்ணுக்குப் பிடிபடாது. 40 தடவை அசைத்ததை, அசைந்த நொடியை ஒன்றாகப் பொருத்தி, சராசரி எடுத்தால்தான் தெரியும். கட்டுரை இதைச் சொல்லவே இல்லை.

முட்டம் கரையில் ஒரு பாறையில் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அலை அதைத் தொட்ட நேரங்களை மட்டும் பொறுக்கி, அதற்கு முந்தைய சில நொடிகளைச் சராசரி பார்த்தால், கடல் மெல்ல மெல்ல ஏறி வந்ததாகத்தான் தெரியும். பாறையைத் தொட வேண்டும் என்று கடல் முன்கூட்டியே தீர்மானித்ததா என்ன? 2012-ல் ஆரன் ஷர்ஜர் என்ற மூளை ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் ஏறக்குறைய இந்த விளக்கத்தைத்தான் முன்வைத்தார்கள். மூளையில் சும்மா ஏறி இறங்கும் சலசலப்பு ஓர் எல்லையைத் தொடும்போது கை அசைகிறது, பின்னோக்கிச் சராசரி எடுப்பதால் அது முன்னேற்பாடு மாதிரித் தெரிகிறது என்று. இதுவே கடைசி வார்த்தை என்று நான் சொல்ல வரவில்லை. இன்னும் வாதம் நடக்கிறது.

2008-ல் ஜெர்மனியில், மூளையில் ரத்த ஓட்டம் மாறுவதைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வைத்து, ஒருவர் அழுத்தப்போவது இடது பொத்தானா வலது பொத்தானா என்று 10 நொடிக்கு முன்பே கணித்தது உண்மை. எத்தனை தடவை சரியாக வந்தது? ஏறக்குறைய 60 சதவீதம். காசைச் சுண்டினாலே 50 வரும். இந்த எண் இல்லாமல் அந்தச் செய்தியைப் போட்டது சரியில்லை.

இதற்குப் போய் ஒரு கிழவன் இவ்வளவு எழுதுவானா என்று நினைக்காதீர்கள். பிளஸ் டூ முடித்த என் தங்கை பேத்தியை மார்த்தாண்டம் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். பெயர் வேண்டாம். நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி இருபது நிமிடம் வைத்துவிட்டு, மூளை அலையைப் பார்த்தோம், காமர்ஸ்தான் பொருந்தும் என்று வண்ணப்படத்தோடு காகிதம் கொடுத்திருக்கிறார்கள். 3,500 ரூபாய். கண் சிமிட்டல் மிக அதிகமாகப் பதியும் இடமே நெற்றிதான். குற்றம் சாட்டப்பட்டவருக்குக்கூட அவர் சம்மதம் இல்லாமல் மூளை அலைச் சோதனை செய்யக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே நாமே காசு கொடுத்துப் பிள்ளையை உட்கார வைக்கிறோம். அந்த வீட்டில் உங்கள் கட்டுரையைத்தான் என் முன்னால் நீட்டினார்கள்.

அடுத்த இதழில் அந்த 40 தடவையையும் 60 சதவீதத்தையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். அதை வெட்டி எடுத்து அனுப்ப வேண்டிய வீடு எனக்குத் தெரிந்து இரண்டு இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஈ.ஈ.ஜி. டெக்னீஷியன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.