மை வழியும் சுவர்களுக்குப் பின்னால் இருப்பவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ கேம்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, 'பெண்டி அண்ட் தி இங்க் மெஷின்' என்ற விளையாட்டை, கார்ட்டூன் பொம்மைக்குப் பேய் வேடம் போட்டுப் பிள்ளைகளைப் பயமுறுத்தும் சரக்கு என்று இரண்டே வரிகளில் ஒதுக்கிவிட்டது. பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றிய கட்டுரையாளரின் கவலை நியாயமானது. சின்னஞ்சிறுவர்கள் கையில் இதைக் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மும்பையில் அனிமேஷன் துறையில் பின்னணிக் காட்சிகள் வரையும் வேலை பார்க்கும் எனக்கு, அந்த இரண்டு வரிகளைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு கார்ட்டூன் ஸ்டூடியோவில் கூலிக்கு உழைத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இவ்வளவு அக்கறையோடு சொன்ன கதையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த விளையாட்டின் முதல் அத்தியாயம் 2017 பிப்ரவரியிலும் கடைசியான ஐந்தாம் அத்தியாயம் 2018 அக்டோபரிலும் வெளிவந்தன. ஹென்றி என்ற ஓவியர், முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் விட்டுச் சென்ற ஜோயி ட்ரூ ஸ்டூடியோவுக்கு, பழைய கூட்டாளி ஜோயி எழுதிய கடிதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார். உள்ளே ஆள் இல்லை. பழுப்பேறிய காகிதத்தின் நிறமும் கறுப்பு மையின் நிறமும் தவிர அந்த உலகில் வேறு நிறமே கிடையாது. மேசை, நாற்காலி, கதவு என்று எல்லாவற்றின் விளிம்பிலும் கையால் இழுத்தது போன்ற கோடு ஓடுகிறது. தலைக்கு மேலே போகும் குழாய்கள் மையைக் கசிய, சுவரில் 'கனவுகள் நனவாகும்' என்று மையாலேயே எழுதியிருக்கிறது. கீழே இறங்க இறங்க இசைப் பிரிவு, பொம்மைப் பட்டறை, கட்டி முடிக்கப்படாத கேளிக்கைப் பூங்கா என்று ஒரு முதலாளியின் ஆசை எத்தனை அடுக்குக்குப் போனது என்பதைக் கட்டடமே காட்டிவிடுகிறது. இடத்தை வரைந்து பிழைப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: பாத்திரம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே இடத்தைக் கொண்டு இவ்வளவு சொல்லிவிடுவது எளிதில் கைவரும் வித்தை இல்லை.

கதையின் பெரும்பகுதி, ஆங்காங்கே விட்டுச்செல்லப்பட்ட ஒலிநாடாக்களில் இருக்கிறது. முதல் அத்தியாயத்தில், கார்ட்டூன் பாத்திரங்களுக்கு மையால் உயிரூட்டும் மை எந்திரத்தை ஓட்டுவதற்காக ஆறு சிறு பீடங்களில் ஆறு பொருள்களைத் தேடி எடுத்து வைக்க வேண்டும்: ஒரு ஸ்பானர், ஒரு பற்சக்கரம், ஒரு மைக்கூடு, ஒரு புத்தகம், ஒரு இசைத்தட்டு, அந்த ஸ்டூடியோவின் நாயகப் பாத்திரமான பெண்டியின் பொம்மை ஒன்று. நாடாவைக் கேட்காமல் ஆடுபவருக்கு இது வெறும் பொருள் தேடும் வேலை. துப்புரவுத் தொழிலாளி வாலி ஃபிராங்க்ஸின் நாடாவைக் கேட்டவருக்கோ விஷயமே வேறு. படங்கள் குறித்த நேரத்தில் முடிவதில்லை, இவ்வளவு மை யாருக்கு வேண்டும் என்று அலுத்துக்கொள்ளும் அவர், ஊழியர் ஒவ்வொருவரும் தம் மேசையிலிருந்து ஒரு பொருளைக் காணிக்கையாகத் தர வேண்டும் என்று ஜோயி கேட்டதையும் சொல்கிறார், தெய்வங்களைச் சாந்தப்படுத்தவாம். அதன்பின் அந்த ஸ்பானரைக் கையில் எடுக்கும்போது அது இன்னொருவர் வேலை செய்த கருவி என்பது மறக்காது.

எல்லாவற்றிலும் என்னைக் கலங்க வைத்தது சூசி கேம்ப்பெல்லின் கதை. ஆலிஸ் ஏஞ்சல் என்ற தேவதைப் பாத்திரத்துக்குக் குரல் கொடுக்கும் பெண் அவர். சேர்ந்த இரண்டாம் மாதத்தில் பதிவான நாடாவில் அவ்வளவு உற்சாகம்: எல்லோருக்கும் என் குரல் பிடித்திருக்கிறது, ஒருநாள் ஆலிஸ் பெண்டி அளவுக்குப் புகழ் பெறுவாள் என்கிறார்கள் என்று பூரிக்கிறார். பின்னொரு நாள் ஒலிப்பதிவு அறைக்குள் நுழையும்போதுதான், தம் இடத்தில் அலிசன் என்ற வேறொருத்தி அமர்த்தப்பட்டிருப்பது அவருக்குத் தெரிகிறது. முன்கூட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதி முகம் சிதைந்த ஆலிஸாக மூன்றாம் அத்தியாயத்தில் நம்மை ஆட்டிப்படைப்பது அதே சூசிதான் என்று புரியும்போது, பயத்தைவிடத் துக்கமே மேலோங்குகிறது. திரையிடும் பணியாளர் நார்மன் போல்க்கின் தலை இருந்த இடத்தில் இப்போது ஒரு புரொஜெக்டர். எந்த வேலையைச் செய்தார்களோ அந்த வேலையே அவர்களை விழுங்கி நிற்கிறது.

இவையெல்லாம் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. நியூயார்க்கில் ஃப்ளைஷர் சகோதரர்களின் ஸ்டூடியோ, மைக்கூட்டிலிருந்து எழுந்து வரும் கோகோ என்ற கோமாளியைக் கொண்டுதான் பெயர் பெற்றது. அந்த ஸ்டூடியோவின் ஓவியர்கள் 1937-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1941-இல் டிஸ்னி ஸ்டூடியோவிலும் அதுவே நடந்தது. தம் பாட்டுப் பாணியைத் திருடித்தான் ஃப்ளைஷர் ஸ்டூடியோவின் கார்ட்டூன் நாயகி பெட்டி பூப் உருவாக்கப்பட்டாள் என்று பாடகி ஹெலன் கேன் 1932-இல் வழக்குத் தொடுத்து, 1934-இல் தோற்றார். அக்காலத்துக் கார்ட்டூன்களில் கோடுகளுக்கு மையிட்டு வண்ணம் தீட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். திரையில் அவர்கள் பெயர் வந்ததில்லை.

மும்பைக்கும் இது அந்நியமான வரலாறு இல்லை. 1950-களில் டிஸ்னி ஓவியர் கிளேர் வீக்ஸ் இங்கு வந்து பயிற்சி அளிக்க, மத்திய அரசின் செய்தி, ஆவணப்பட நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவு வளர்ந்தது. எங்கள் தொழிலின் மூத்தவர்கள், படம் தீட்டும் ஆசிட்டேட் என்ற கண்ணாடி போன்ற தாளில் கைரேகை படாதிருக்க வெள்ளைப் பருத்திக் கையுறை அணிந்து, தூரிகை பிடிக்கும் விரல்களுக்கு மட்டும் அதன் நுனியை வெட்டிவிட்டு வேலை செய்தவர்கள். விநாடிக்கு 12 படம் என்று சிக்கனமாக வைத்தாலும், ஏழு நிமிடக் கார்ட்டூனில் ஒரே ஒரு பாத்திரத்துக்கு 5,040 படங்கள் வேண்டும். அத்தனையும் யாரோ குனிந்து உட்கார்ந்து மையிட்டவை. இன்று கணினி வந்துவிட்டது. ஆனால் கோரேகாவிலும் அந்தேரியிலும் விடிய விடிய வெளிநாட்டுத் தொடர்களுக்கு வரைந்துவிட்டு, கடைசிப் பெயர்ப்பட்டியலில் தம் பெயரைத் தேடும் இளைஞர்கள் இருக்கிறார்கள்.

குறை இல்லாத படைப்பு என்று நான் வாதாடவில்லை. பிற்பகுதியில் எதிரியை அடிப்பதும் ஓடுவதும் அதிகமாகி, நின்று பார்க்க வேண்டிய அறைகளைக் கடந்து ஓட நேர்கிறது. 2022 நவம்பரில் வந்த 'பெண்டி அண்ட் தி டார்க் ரிவைவல்' காட்சியழகில் முந்தையதை விஞ்சினாலும், மை உலகின் விதிகளை விளக்குவதிலேயே அதிகம் மினக்கெடுகிறது. சாமானிய ஊழியர்களின் குரல் பின்னுக்குப் போனது எனக்கு இழப்பாகவே படுகிறது. முதல் விளையாட்டின் முடிவோ இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. வயோதிகரான ஜோயி தம் வீட்டுச் சமையலறையில் நின்று, இரு நண்பர்கள் இரு வேறு வழியில் போனதைச் சொல்லிவிட்டு, பழைய ஸ்டூடியோவைப் போய்ப் பார் என்கிறார். கதவு திறந்தால் ஹென்றி மறுபடியும் முதல் அத்தியாயத்தின் வாசலில் நிற்கிறார். செய்த தவறைச் சொல்லியும் திருந்தாத ஒரு முதலாளியை இதைவிடத் துல்லியமாகக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை.

தங்கள் இதழ் திரைப்படங்களுக்கு மாதந்தோறும் பல பக்கங்கள் ஒதுக்குகிறது. கதையும் களமும் இவ்வளவு கவனத்தோடு அமைந்த விளையாட்டுகளையும், அவற்றை முழுமையாக ஆடிப் பார்த்த ஒருவரைக் கொண்டு, அதே பொறுப்போடு விமர்சிக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்த வயதினருக்கு ஏற்றது என்ற குறிப்பையும் அவ்விமர்சனத்திலேயே சேர்த்துவிட்டால் பெற்றோருக்கும் உதவியாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
செம்பூர் வாசகி, மும்பை