அப்பாவின் வேதப்புத்தகம்

பிரியமுள்ள நண்பா,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது. இரண்டு கண்ணிலும் அடுத்தடுத்து புரை எடுத்தார்கள். புதுக் கண்ணாடி கைக்கு வரும்வரை எழுத்தெல்லாம் கலங்கலாகவே தெரிந்தது. நேற்றுதான் கண்ணாடி வந்தது. முதல் வேலையாக உனக்கு எழுதுகிறேன்.

தரங்கம்பாடி போய்வந்ததை எழுதியிருந்தாய். 1706-ல் அங்கே வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார் என்று நம் ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? ஐந்தே வருஷத்தில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்துவிட்டார். 1715-ல் அது அச்சாகியும் வந்துவிட்டது. எனக்கு அந்த அச்சுப் புத்தகத்தைவிட மணல்தான் பெரிதாகத் தெரிகிறது. மணலில் எழுதும் பிள்ளை வாயால் சொல்லிக்கொண்டேதான் எழுதும், வேகமாக எழுதவும் முடியாது.

உன் கேள்விக்கு வருகிறேன். "வருஷா வருஷம் வேதத்தை வாசித்து முடிக்கிறேன், ஆனால் வளர்ந்த மாதிரி தெரியவில்லை" என்று எழுதியிருந்தாய். வாசித்ததும் எனக்குத் திக்கென்றது, ஏனென்றால் நானும் அதே ஆள்தான். வேதம் முழுவதும் 1189 அதிகாரம், நாளுக்கு மூன்று, ஞாயிறன்று ஐந்து. பதினாறு வருஷமாக அந்தக் கணக்கு தப்பியதில்லை. முடித்த தேதியைக் கடைசிப் பக்கத்தில் குறித்தும் வைப்பேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்காரிதான் வாசித்துக் காட்டினாள். அடுப்படியில் இருந்தபடியே வாசிப்பாள், பாதியில் எழுந்துபோவாள், திரும்பி வந்து தொடருவாள். முதல் வாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருநாள் மத்தேயு ஐந்தாம் அதிகாரம் போய்க்கொண்டிருந்தது. "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்தவந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" என்று வாசிக்கும்போது பால் பொங்கிவிட்டது. புத்தகத்தை வைத்துவிட்டு ஓடினாள்.

அந்த அரை வசனத்தோடு நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனும் நானும் பதினொரு வருஷமாகப் பேசவில்லை என்பது உனக்குத் தெரியும். பனைவிளையில், அதுதான் பனந்தோப்பில், எல்லைக்கல்லை நகர்த்திவிட்டார் என்று எனக்கு அவர்மேல் குறை. இந்த வசனத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். 'எனக்குக் குறை இருந்தால்' என்றே அது என் காதில் விழுந்திருக்கிறது. எனக்கோ மன்னித்துவிட்டேன் என்ற நினைப்பு. அதனால் தைரியமாகத் திருவிருந்துக்குப் போய்வருவேன். ஆனால் ஆண்டவர் 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' அல்லவா சொல்லுகிறார்? அவருக்கு என்மேல் என்ன குறை என்று பதினொரு வருஷத்தில் ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

அடுத்த பத்து நாள் வேறு எதையும் வாசிக்கச் சொல்லவில்லை. அதுவும், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற அடுத்ததுமாக, அந்த இரண்டு வசனமே வாயில் ஓடிக்கொண்டிருந்தது. ஓலைப்பெட்டி முடைந்துகொண்டே உதடு அசைய இருப்பாளே எங்கள் ஆச்சி, அவளுக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. உபதேசியார் சொல்லிக்கொடுத்த சங்கீதங்களைக் கீற்றோடு கீற்றாகப் பின்னிக்கொண்டிருப்பாள். முதல் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற" என்று வருகிறதல்லவா, அந்த இடத்து எபிரெயச் சொல்லுக்கு வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும் புறா முனகுவதற்கும் ஏசாயா அதே சொல்லைத்தான் போடுகிறார். கண்ணை மூடி அசையாமல் உட்காருவதுதான் தியானம் என்று நினைத்திருந்தேன். ஆச்சி செய்ததுதான் தியானம்.

பதினோராம் நாள் சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் மனைவி, மயினிதான் கதவைத் திறந்தாள். கருப்பட்டிக் காபி வந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "என்மேல உங்களுக்கு என்ன வருத்தம்னு கேக்கத்தான் வந்தேன்" என்றேன். விளையைப் பற்றி எடுப்பார், பதில் சொல்லவேண்டும் என்று மனசுக்குள் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அப்பா வேதப்புத்தகத்த ஒரு வார்த்த கேக்காம தூக்கிட்டுப் போயிட்டியேடா" என்றார்.

அவ்வளவுதான். விளையைப் பற்றி மூச்சே விடவில்லை. முன் பக்கத்தில் எங்கள் எல்லோருடைய பிறந்த தேதியையும் ஞானஸ்நானத் தேதியையும் அப்பா தன் கையால் எழுதிய அந்த வேதம். மூத்த பிள்ளை அவர். முதலில் இருப்பது அவர் பேர்தான். அடக்கம் முடிந்த மறுநாள் நான் அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதைத்தான் விடியற்காலம் தவறாமல் வாசித்தேன். வாசித்து முடித்த தேதிகளைக் குறித்ததும் அதில்தான். அவரை நோகடித்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டே ஒப்புரவாகு என்ற வசனத்தை வருஷம் தவறாமல் தாண்டிப்போயிருக்கிறேன், நண்பா. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

மறுநாள் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

இப்போது நான் வாசிப்பது புதுப் புத்தகம். கோடு போட்ட இடம் எதுவுமில்லை, எந்த வசனம் முக்கியம் என்று முன்கூட்டியே யாரும் சொல்வதுமில்லை. நாளுக்கு ஒரு பத்தி, சில நாள் ஒரே வசனம். 1 பேதுரு இரண்டாம் அதிகாரத்தைக் கொஞ்சம் எடுத்துப் பார். "களங்கமில்லாத ஞானப்பாலின்மேல் வாஞ்சையாயிருங்கள்" என்பதை நாம் மனப்பாடமாகச் சொல்வோம். அதற்கு முந்தின வசனம் கபடத்தையும் பொறாமையையும் புறங்கூறுதலையும் ஒழித்துவிடச் சொல்லுகிறது. அதை ஒழித்துவிட்டுத்தான் பால். ஒழிக்காமலே குடித்துக்கொண்டிருந்தால் எப்படி வளருவது?

அதற்காக நீ வளரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 119-ஆம் சங்கீதக்காரன் 175 வசனம் வேதத்தின்மேல் உள்ள ஆசையைப் பாடிவிட்டு, 176-ஆவதில் காணாமற்போன ஆட்டைப்போல வழிதப்பிப்போனேன், என்னைத் தேடும் என்கிறான். அத்தனை பாடியவனே அப்படிச் சொல்லும்போது, நீ எழுதிய அந்த வரியையும் நான் ஜெபமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

விளை விஷயம் இன்னும் பேசவில்லை, கல் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் போன வியாழக்கிழமை ராத்திரி அண்ணன் போன் பண்ணினார். நெகேமியாவில் ஒரு ஓரத்தில் அப்பா பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறாராம், எழுத்து தேய்ந்துபோய் அவருக்குப் புரியவில்லையாம், வந்து பார்க்கச் சொன்னார். நாளைக் காலையில் புதுக் கண்ணாடியோடு போகிறேன். சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசன பண்டிகைக்கு இந்த வருஷமாவது வீட்டோடு வந்துவிடு.

என்றும் உன் பிரியமுள்ள
நண்பன்