அடுத்தது என் மாடுகளா?

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்து ஒன்பது நாட்களாகின்றன. உடனே எழுதியிருந்தால் வெறும் ஆறுதல்தான் எழுதியிருப்பேன் என்பதால் தள்ளிப்போட்டேன். தீவனக் கடை வாசலில், நாய் ஏலங்களை நிறுத்தக் கோரி நீ நீட்டிய துண்டறிக்கையை வாங்கிப் படித்த முதியவர், "அடுத்தது என் மாடுகளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டியில் ஏறிப் போனார் என்றும், இப்படிப்பட்ட கல்நெஞ்சக்காரர்களிடம் என்ன பேசுவது என்றும் எழுதியிருந்தாய். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் விவசாயிகளுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுத்த பத்தொன்பது ஆண்டுகளில் அந்தக் கேள்வியைப் பலர் வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். ஒருவரும் அதை விளையாட்டுக்காகக் கேட்டதில்லை.

நாய் ஏலத்தை நானும் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன், உன்னிடம் சொன்னதில்லை. என் வாடிக்கையாளர் ஒருவர் நாய்க்குட்டிகளை ஈன வைத்து விற்கும் தொழிலைக் குறைத்துக்கொள்ள எண்ணித் தம் நாய்களில் பாதியை விற்றபோது, கணக்கைச் சரிபார்க்க உடன் போயிருந்தேன். தகரக் கொட்டகைக்குள் ஒரு மேசை, அதன்மேல் ஒரு துண்டுக் கம்பளம். கழுத்தில் எண் அட்டை கட்டிய நாய்களை ஒவ்வொன்றாக அதன்மேல் தூக்கி வைத்தார்கள். இனம், பிறந்த தேதி, எத்தனை ஈற்று, கடைசி ஈற்றில் எத்தனை குட்டி, இப்போது சினையா இல்லையா என்பதெல்லாம் அச்சிட்ட பட்டியலில் இருந்தன. ஐந்து வயதுப் பெட்டை ஒன்று, மடி தளர்ந்து தொங்க, நான்கு கால்களையும் விறைப்பாக ஊன்றிக்கொண்டு, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் கம்பளத்தின் ஓரத்தையே பார்த்தபடி நின்றது. ஏலக்காரர் மூச்சு விடாமல் தொகையை ஏற்றிக்கொண்டே போனார். மூன்று தரம் சொல்லி முடிக்கும் நேரத்துக்குள் அது கைமாறி, அடுத்த எண் மேசைக்கு வந்துவிட்டது. விற்பனைச் சீட்டில் எண்ணுக்கும் தொகைக்கும் இடம் இருந்தது. பெயர் எழுத இடமில்லை. எனவே ஏலம் நிற்க வேண்டும் என்பதில் நான் உன் பக்கம்தான். அதை ஒருமுறை சொல்லிவிட்டேன், இனி மற்றதைச் சொல்கிறேன்.

அந்த வாடிக்கையாளர் முதலில் பன்றி வளர்த்தவர். 1998 டிசம்பரில் உயிருள்ள பன்றியின் விலை பவுண்டுக்கு 10 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. தீவனச் செலவுகூடத் தேறவில்லை. பன்றிகள் குட்டி போட்ட அதே கொட்டிலைக் கழுவி, கூண்டுகளை மாற்றி, நாய்களை ஏற்றினார். நிலம் ஏலத்துக்குப் போகாமல் காப்பாற்றியவை அந்த நாய்கள்தான் என்பதை அவருடைய கணக்கேட்டிலேயே பார்த்தவன் நான். அவரிடம் போய் நீ செய்வது கொடுமை என்றால், அவர் சட்டத்தை எடுத்து நீட்டுவார். நாயின் மூக்கு நுனி முதல் வால் தொடங்கும் இடம் வரை அங்குலத்தில் அளந்து, 6 கூட்டி, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் ஒரு நாய்க்குத் தர வேண்டிய தரை சதுர அடியில் வந்துவிடும். 24 அங்குல நாய்க்கு ஆறேகால் சதுர அடி. மத்திய வேளாண்மைத் துறையின் விதி அது. ஆய்வாளர் அளந்து பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்த தாளை வைத்திருப்பவரை நீ குற்றவாளி என்று அழைக்கிறாய். விதி போதாது என்பது வேறு வழக்கு. அந்த வழக்கை அவர்மீது போட முடியாது.

நாய் வளர்ப்புத் தொழில் பற்றி 2010 நவம்பரில் மிசூரியில் நடந்த வாக்கெடுப்பை உன் தலைவர்கள் வெற்றி என்று சொல்லியிருப்பார்கள். ஒருவர் 50 இனப்பெருக்க நாய்களுக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதியும் அடங்கிய முன்மொழிவு B, 51.6 சதவீத வாக்குகளோடு நிறைவேறியது உண்மைதான். ஆனால் அந்த வாக்குகள் பெரும்பாலும் செயின்ட் லூயிஸ், கான்சாஸ் சிட்டி போன்ற நகர்ப்பகுதிகளிலிருந்து வந்தவை; நாய்கள் இருந்த கிராமப்புறக் கவுண்டிகள் (மாவட்டங்கள்) எதிராகவே வாக்களித்தன. ஆறு மாதம் முடிவதற்குள், 2011 ஏப்ரலில், சட்டமன்றம் அதைத் திருத்தி அந்த 50 என்ற வரம்பை எடுத்துவிட்டது. ஆளுநர் ஜே நிக்சன் கையெழுத்திட்டார். அதோடு கசப்பு அடங்கவில்லை. 2014இல் விவசாயம் செய்யும் உரிமையை மாநில அரசியலமைப்பிலேயே சேர்க்கும் திருத்தம், ஏறத்தாழ 10 லட்சம் பேர் வாக்களித்ததில், 2,375 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. தீவனக் கடை முதியவர் உன்னிடம் கேட்ட கேள்விதான் அந்த வாக்குச்சீட்டிலும் இருந்தது.

இன்னொன்று உனக்குப் பிடிக்காது. உங்கள் தரப்பே ஏலத்தில் கை தூக்கியிருக்கிறது. 2009 முதல் 86 மீட்புக் குழுக்களையும் காப்பகங்களையும் சார்ந்தவர்கள் மிசூரியிலுள்ள இரண்டு ஏலக் கூடங்களில் 5,761 நாய்களை 26.8 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியதை 2018இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வெளியிட்டது. அந்த மேசையைப் பார்த்த எனக்கு அவர்கள் ஏன் வாங்கினார்கள் என்று புரிகிறது. பணம் இருந்திருந்தால் அந்த ஐந்து வயதுப் பெட்டைக்கு நானும் விலை கேட்டிருப்பேன். ஆனால் விற்பவர் கண்ணுக்கு, மேடையில் ஏலத்தை ஏசுகிறவர்களே கொட்டகைக்குள் அதிக விலை கேட்கிறவர்கள். இதைப் பற்றி அவர்கள் கேட்டால் மழுப்பாதே. நடந்தது என்று ஒப்புக்கொள்.

துண்டறிக்கையில் "நாய்" என்று வரும் இடமெல்லாம் நாயை மட்டும் எழுதச் சொல். "பண்ணை விலங்குகளுக்கான முதல் படி" என்று கடைசி வரியில் இருக்கிறதே, அதை எழுதியவர் யாராக இருந்தாலும் அந்த முதியவருடைய கேள்விக்கு ஆம் என்று பதில் எழுதியிருக்கிறார். நாய் வளர்ப்பைக் கைவிட நினைப்பவருக்கு, வயதான நாய்களை ஏலத்துக்கு அனுப்பாமல் விலையில்லாமல் ஏற்றுக்கொள்ள ஒரு வழி உண்டா, அதற்கான மருத்துவச் செலவை யார் ஏற்பார்கள் என்று உங்கள் கூட்டத்தில் கேள். என் வாடிக்கையாளர் அன்று ஏலத்துக்குப் போனது, வேறு யாரும் அந்த நாய்களை வாங்கிக்கொள்ள முன்வராததால்தான்.

அவரிடம் நேற்றுத் தொலைபேசியில் பேசினேன். இன்னும் பதினொரு நாய்கள் வைத்திருக்கிறார். நீ என் மகள் என்று சொன்னதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வரட்டும் என்றார். காலை ஐந்தரை மணிக்குக் கூண்டுகளைக் கழுவத் தொடங்குவார். அந்த நேரத்துக்குப் போ, ரப்பர் காலணி எடுத்துக்கொள், துண்டறிக்கையைக் காரிலேயே வைத்துவிடு.

அன்புடன்,
அப்பா