நாலாவது டேப்

பாப்பாவுக்கு,

வீடியோ கேமராவையும் ஆறு டேப்பையும் நீ எடுத்துக்கொண்டு போய் ஒரு மாதம் ஆகிறது. இந்த வாரமே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறேன் என்றாய். அதோடு போன் இல்லை. வேலை இருக்கும். மாமாவிடம் மட்டும் பேசினாயாம்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் மட்டும் ஏற்றாதே. டேப்பில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். அந்த வயரில் போனால் அனலாக் ஆகி, மறுபடி டிஜிட்டல் ஆகி, வழியிலேயே தேய்ந்துவிடும். ஃபயர்வயர் என்று டிஜிட்டலை அப்படியே கடத்தும் கேபிள் உண்டு, அதில் எடுத்தால் உள்ளது உள்ளபடி வரும். யுஎஸ்பி இருக்கிறதே என்று மாட்டாதே, நம் கேமராவில் அது போட்டோவுக்குத்தான். ஃபயர்வயர் மாட்டும் துளை உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்று பார். பத்து வயதில் ரேடியோவைப் பிரித்து மாட்டியவள், உனக்கு இது பெரிதில்லை.

ஒரு மணி நேர டேப் ஏற ஒரு மணி நேரம் ஆகும். 13 ஜிபி பிடிக்கும். பிடிக்கட்டும். இடம் போதவில்லை என்று சுருக்கிவிட்டு அசலை அழிக்காதே. அசைவில் கோடு கோடாகத் தெரிந்தால் அது இன்டர்லேஸ், ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் படம் எடுக்கும் முறை, பழுதில்லை. அசலில் கை வைக்காதே. வாட்ஸ்அப்புக்கு வேறு பிரதி எடுத்துக்கொள். ஏற்றியதைக் கடைசி வரை ஓட்டிப் பார், ஃபிரேம் விட்டுப்போயிருந்தால் மறுபடி எடு. டேப்பின் முதுகில் உள்ள சின்னப் பொத்தானை 'சேவ்' பக்கம் தள்ளி வை, மேலே எதுவும் பதிவாகாது. அசலை அழிக்காதே.

நாலாவது டேப்பைப் போட்டுப் பார்த்துவிட்டாயா? அதனால்தான் பேசவில்லையா?

அம்மா உன்னை மடியில் வைத்துப் பாடுவது 18 நிமிஷத்தோடு அறுந்துவிடும். பிறகு என் ஆபீஸ் ஆண்டு விழா வரும். அதன்மேல் எடுத்தது நான்தான். 2004-இல் மஞ்சள் வயரில் ஏற்றி, விசிடிக்காகப் படத்தை 352-க்கு 288 புள்ளிகளாகச் சுருக்கினேன். கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது என்று அதே டேப்பைத் திரும்பக் கேமராவில் போட்டுவிட்டேன். டேப்பில் 720-க்கு 576 இருந்தது. பாடும்போது அவள் நெற்றியில் விழும் முடி தனித்தனியாகத் தெரியும். ஃபைலில் முகமே கட்டம் கட்டமாக இருக்கிறது.

"பாட்டு டேப்பையா எடுத்தீங்க?" என்று அவள் அன்றே கேட்டாள். வேறு டேப் என்றேன். கடைசி வரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.

அந்த ஃபைலை எதுவாகவும் மாற்றாமல் பென் டிரைவில் அனுப்பியிருக்கிறேன். படம் அவ்வளவுதான், குரல் தெளிவாகக் கேட்கிறது. டேப்பில் மீந்த 18 நிமிஷத்தையாவது ஃபயர்வயரில் எடு, அம்மாடி.

அப்பா