கேபினெட் முன்பக்க ஒயர்கள்: மாதுவுக்கு

காவேரிப்பட்டணம்

அன்புள்ள மாது,

இங்கே எல்லோரும் நலம். மாங்காய் இந்த வருஷம் பரவாயில்லை, கூழ் ஃபேக்டரிக்காரர்கள் சொல்லும் விலை வழக்கம்போலத்தான். அதை நேரில் திட்டிக்கொள்வோம்.

உன் மகன் பூட்டும் கம்ப்யூட்டரில் கேபினெட்டின் (வெளிப்பெட்டியின்) முன்பக்கத்துப் பட்டன், விளக்கு, யுஎஸ்பி ஒயர்களை மதர்போர்டில், அதாவது உள்ளே இருக்கும் பெரிய சர்க்யூட் போர்டில், எங்கே சொருகுவது என்று கேட்டிருந்தாய். அவன் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ "சரி, சரி" என்பாய், ஒன்றும் காதில் ஏறாது. வைத்தியர் தோட்டத்து மோட்டார் கதைதான் ஆகும். காகிதத்தில் இருந்தால் அவனாவது பக்கத்தில் வைத்துப் பார்த்துச் செய்வான்.

முதலில், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றச் சொல். முன்பக்க ஒயர்கள் போகும் பின்களில் (ஊசிபோல நிற்கும் கம்பிகளில்) பெரும்பாலானவை போர்டின் கீழ் ஓரத்தில்தான் இருக்கும். அந்தத் தடிமனான கார்டு அவற்றை மறைத்துக்கொண்டிருக்கும்போது யாராலும் விரல் விட முடியாது. கார்டைப் பிடுங்கும் முன் ஸ்லாட்டின் கடைசியில் இருக்கும் சின்னக் கொக்கியை விடுவிக்க வேண்டும். கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குப் பின்னால் உள்ள சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டுத்தான் கையை உள்ளே விடணும். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் பிளக் சொருகியிருந்தால் போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்போது நீ பயந்த அந்த ஒயர் கொத்து. பவர் சுவிட்ச், ரீசெட், பவர் எல்இடி, ஹார்டுடிஸ்க் எல்இடி, மொத்தமே அவ்வளவுதான். போர்டில் "எஃப் பேனல்" என்றோ, எம்எஸ்ஐ கம்பெனி போர்டு என்றால் "ஜேஎஃப்பி1" என்றோ எழுதியிருக்கும். இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து, அதில் 10ஆவது பின் மட்டும் இருக்காது. பெரும்பாலான போர்டுகளில் அந்தக் காலி இடம் உள்ள வரிசையில் பவர் எல்இடி பிளஸ், மைனஸ், அடுத்து பவர் சுவிட்சுக்கு இரண்டு. எதிர் வரிசையில் ஹார்டுடிஸ்க் எல்இடி பிளஸ், மைனஸ், அடுத்து ரீசெட்டுக்கு இரண்டு, கடைசிப் பின்னை விட்டுவிடணும். சில போர்டில் ஸ்பீக்கரும் சேர்ந்து நீளமாக இருக்கும், அதனால் மேனுவலில் அந்த ஒரு பக்கத்தையாவது பார்க்கட்டும். போர்டில் அச்சிட்ட எழுத்து எறும்பு சைஸில்தான் இருக்கும்.

சுவிட்சுக்குப் பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படிச் சொருகினாலும் சரி. எல்இடிக்கு மட்டும் உண்டு. பெரும்பாலும் கலர் ஒயர் பிளஸ், வெள்ளை அல்லது கறுப்பு மைனஸ். மாற்றிச் சொருகினால் விளக்கு எரியாது, வேறு ஒன்றும் ஆகாது, திருப்பிப் போட்டால் போதும். கேபினெட்டின் பவர் எல்இடி பிளக் மூன்று துளையாகவும் போர்டில் இரண்டு பின்னாகவும் இருந்தால் அடித்துச் சொருகப் பார்க்காதே. பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் தூக்கி, ஒயரை உருவிப் பக்கத்துத் துளைக்கு மாற்றலாம்.

ஆன் ஆகவில்லை என்றால் போர்டு போச்சு என்று புதுசு வாங்க பெங்களூர் எஸ்பி ரோட்டுக்குப் பஸ் ஏறிவிடாதே. அந்த நாலு பிளக்கையும் எடுத்துவிட்டு, பவர் சுவிட்ச் பின் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொடச் சொல். ஓடினால் போர்டில் குறையில்லை, பட்டனோ அதன் ஒயரோதான் கோளாறு. ஆன் ஆகி நாலைந்து நொடியில் தானே அணைந்தால் பவர் பட்டன் அமுங்கியபடி மாட்டியிருக்கலாம். ஃபேன் சுற்றியும் திரையில் ஒன்றும் வராவிட்டால் ரீசெட் பட்டனையும் ஒருமுறை சந்தேகப்படணும். மலிவு கேபினெட்டில் முன்மூடியைத் தப்பாக அழுத்தி மாட்டினால் இரண்டுமே நடக்கும்.

இனிமேல் சொல்வதுதான் காசு போகிற இடம். யுஎஸ்பி 2.0, ஆடியோ, எஃப் பேனல் மூன்றும் பார்க்க ஒரே ஜாடை. வித்தியாசம் எந்தப் பின் இல்லை என்பதில்தான். எஃப் பேனலில் 10, யுஎஸ்பியில் 9, ஆடியோவில் 8. பிளக்கிலும் அதே துளை அடைத்திருக்கும். போட்டோவில் ஆடியோ பிளக்கை யுஎஸ்பி பின்மேல் வைத்துக் காட்டுகிறான் உன் மகன்! 'எச்டி ஆடியோ' என்று எழுதிய பிளக் போக வேண்டிய இடம் பெரும்பாலும் போர்டின் கீழ் இடது மூலை. அதே ஒயரில் 'ஏசி97' என்று இன்னொரு பிளக் தொங்கினால் அது பழைய காலத்துக்கு, சும்மா தொங்கட்டும். ஆடியோ ஒயரைக் கார்டுக்கு மேலே இழுக்காமல் போர்டு தட்டுக்குப் பின்னால் கொண்டுபோனால் ஹெட்ஃபோனில் இரைச்சல் குறையும்.

உன் சித்தப்பாவின் பழைய கேபினெட்டைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அந்தக் காலத்துக் கேபினெட்டுகள் சிலவற்றில் யுஎஸ்பி ஒயர்கள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளக்காக வரும். சிவப்பு 5 வோல்ட், வெள்ளை டேட்டா மைனஸ், பச்சை டேட்டா பிளஸ், கறுப்பு கிரவுண்ட் என்பது வழக்கமான வரிசை. ஒரு பின் தள்ளிப் போனால் 5 வோல்ட் தப்பான ஒயரில் ஏறிப் பென் டிரைவ் கருகும். போர்டே போனாலும் போகும்.

நீல நிற யுஎஸ்பி 3.0 பிளக் 19 பின். ஒரு பிளக்கில் முன்பக்கத்து இரண்டு போர்ட்டும் அடக்கம். ஒயர் முறுக்குக் கம்பிபோல விறைப்பு, பின்களோ மெல்லியவை. பிளக்கின் நடுவில் உள்ள புடைப்பைப் போர்டில் உள்ள வெட்டுக்கு நேராக வைத்து, இரண்டு பக்கமும் சமமாக அழுத்தணும். சாய்த்து அழுத்தினால் உள்ளே பின் மடங்கும். கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுத்தால் போர்டில் இருக்கும் பிளாஸ்டிக் சுவரும் சேர்ந்து கையோடு வரும். மடங்கிய பின்னை மெக்கானிக்கல் பென்சிலின் காலி முனைக்குள் நுழைத்து, மெதுவாக ஒரே தடவையில் நிமிர்த்தணும். முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடியும். டைப்-சி போர்ட்டுக்குப் பிளக் வேறு, அது 19 பின்னில் சேராது. போர்டில் அதற்கு இடம் இல்லையென்றால் இப்போதைக்கு அந்த ஓட்டை அழகுக்கு.

மாது, இனி விளையாட்டில்லை. முன்பக்கத்துப் போர்ட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அது பையன் சொருகியதில் வந்த தப்பில்லை. உன் வீட்டு எர்த். எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் கபாசிட்டர்கள் லைனுக்கும் பாடிக்கும், நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் பாடியில் 230இல் ஏறக்குறைய பாதி வோல்ட் மிதக்கும். கரண்ட் சொற்பம், அதனால் சுர்ரோடு நின்றது. முன்பக்க யுஎஸ்பியின் இரும்பு ஓடு அந்தப் பாடியோடு சேர்ந்ததுதான்.

நம் பக்கம் பாறை நிலம், கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். வயர்மேனை வரச்சொல்லி சாக்கெட்டில் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே நூறு வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்க்கச் சொல். பளிச்சென்று எரியணும். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருந்தால் ட்ரிப் ஆகும், அதுவும் நல்ல சேதிதான். மங்கலாக எரிந்தால் குழிக்குத் தண்ணீர் ஊற்றி, கரியும் உப்பும் புதுசாகப் போடணும். மீட்டரை மட்டும் வைத்து வோல்ட் காட்டுகிறது என்று சொன்னால் நம்பாதே, மோசமான எர்த்திலும் மீட்டர் வோல்ட் காட்டும். இன்னொன்று, சிலர் சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்தே எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயர் போட்டு "எர்த் கொடுத்தாச்சு" என்பார்கள். வெளியே எங்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினெட் முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். அப்படி எவனாவது கைவைத்தால் வீட்டைவிட்டே அனுப்பு. எர்த் சரியாகும்வரை பையன் அதை ஆன் செய்ய வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் முன்பக்கத்து யுஎஸ்பியில் முதலில் ஒரு வேண்டாத பென் டிரைவைப் போட்டுப் பார்க்கட்டும். பாப்பா கல்யாண வீடியோ இருக்கிற ஹார்டுடிஸ்க்கை நீயே பீரோவில் வைத்துப் பூட்டு.

வயர்மேன் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

உன்,
கோவிந்தன்