மொசைக்குக்கு முன்னால் யாருமே இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் "உலகின் முதல் பிரவுசர் மொசைக், 1993" என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தாங்கள் அறியாததல்ல, ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990 கடைசியிலேயே பிரவுசர் எழுதிவிட்டார். பக்கத்தைப் படிக்கலாம், அங்கேயே திருத்தவும் செய்யலாம். ஆனால் நெக்ஸ்ட் என்ற நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடும். அது இருந்தவர்களோ கொஞ்சம் பேர்.

அதனால்தான் அங்கிருந்த கணித மாணவி நிக்கோலா பெல்லோ, எந்த டெர்மினலிலும், அதாவது எழுத்து மட்டும் காட்டும் திரையிலும், ஓடும் லைன் மோடு பிரவுசரை எழுதினார். மவுஸ் வேண்டாம். ஒவ்வொரு லிங்க் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். அதை அடித்து என்டர் தட்டினால் அடுத்த பக்கம். பிறகு 1992-இல் பின்லாந்து மாணவர்களின் எர்வைஸ், அமெரிக்காவின் பெர்க்லியில் பெய்-யுவான் வேயின் வயோலா என்ற பிரவுசர்கள். ஒருவர் பெயர்கூட உங்கள் கட்டுரையில் இல்லை.

மொசைக்கின் பெருமையை யாரும் மறுக்கவில்லை. எழுத்துக்கு நடுவிலேயே படம் காட்டியது, விண்டோஸிலும் மேக்கிலும் ஓடியது, அதனால் பரவியது. அதை எழுதுங்கள், போதும்.

நம் மும்பையையே பாருங்கள். 1995 ஆகஸ்ட் 15-இல் அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, ஷெல் அக்கவுன்ட் என்ற எழுத்து மட்டுமான இணைப்பு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது லின்க்ஸ் (Lynx) என்ற பிரவுசர்தான். புரோகிராம் சர்வரில் ஓடும், மோடம் வழியாக வெறும் எழுத்து மட்டும் வரும். படம் எப்படி வரும்? அம்புக்குறி விசையை அழுத்தி லிங்க் லிங்க்காக இறங்க வேண்டும். மொசைக் வந்து இரண்டு வருடம் கழித்தும் இங்கே நிலைமை அது.

முன்பொரு முறை, மொசைக் நிரலை வாங்கித்தான் நெட்ஸ்கேப் பிரவுசரைச் செய்தார்கள் என்று எழுதினீர்கள். மறுத்துக் கடிதம் போட்டேன்; வெளியிட மனம் வரவில்லை போலும். மொசைக் எழுதியவர்களில் பலர் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்குப் போனார்கள், நிரலைப் புதிதாக எழுதினார்கள். மொசைக் உரிமம் ஸ்பைகிளாஸ் என்ற நிறுவனம் வழியாகப் போனது மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு. அதன் ஆறாம் பதிப்பு வரை ஹெல்ப் மெனுவில் அபவுட்டைத் திறந்தால், மொசைக்கை அடிப்படையாகக் கொண்டது என்ற வரியே இருக்கும். அதற்கும் முன்னால், இணையமும் வெப்பும் ஒன்றே என்றீர்கள். பிரவுசரில் நாம் பார்க்கும் பக்கங்கள்தான் வெப்; அது பிறப்பதற்குப் பல வருடம் முன்பே இணையத்தில் மின்னஞ்சல் ஓடிக்கொண்டிருந்தது, ஐயா.

பள்ளிப் பிள்ளைகள் பொது அறிவுக்கு உங்கள் பக்கத்தைத்தான் வெட்டி வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். இணையப் பதிப்பிலும் "முதல்" என்பதை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மாதுங்கா, மும்பை